பழைய எம்ஜிபிக்கு எந்த கேம்ஷாஃப்ட்? டர்பனிலிருந்து கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டுக்குப் பின்னால் இரண்டு கார் நிற்கும் அளவுக்கு ஒரு கராஜ் இருக்கிறது. சனிக்கிழமை காலையானால் யாராவது பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார்கள். பெரும்பாலும் எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், சில சமயம் ஆல்ஃபா, எப்போதாவது எஸ்கார்ட். "அங்கிள், கேம் மாத்தலாமா?" என்ற கேள்வி வராத வாரம் இல்லை. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதிவைக்கிறேன். எண்கள் எல்லாம் 1798 சிசி எம்ஜிபி எஞ்சினுக்கு. வேறு எஞ்சினைப் பற்றிப் பேசினால் பெயரைச் சொல்லிவிடுவேன்.

கேம்ஷாஃப்ட் என்னதான் செய்கிறது?

வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு உயரம் எழ வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அதனால் கேமில் ஒரு டிகிரி தவறினால் கிராங்க் கணக்கில் இரண்டு டிகிரி தவறு. இதை மறக்காமல் இருந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

புத்தகத்தில் 16, 56, 51, 21 என்று நான்கு எண் போட்டிருக்கிறதே?

அதுதான் கம்பெனி கேமின், அதாவது கார் கம்பெனியே போட்டு அனுப்பிய கேமின் ஜாதகம். பிஸ்டன் மேல்முனைக்கு வருவதற்கு 16 டிகிரி முன்பே, பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வு திறக்கிறது, அடிமுனையைத் தாண்டி 56 டிகிரியில் மூடுகிறது. புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு அடிமுனைக்கு 51 டிகிரி முன்பு திறந்து, மேல்முனையைத் தாண்டி 21 டிகிரியில் மூடுகிறது.

இன்லெட்டுக்கு 16, 180, 56 மூன்றையும் கூட்டினால் 252. வால்வு திறந்திருக்கும் மொத்த நேரம் அது. அதில் பாதி 126. அதிலிருந்து 16-ஐக் கழித்தால் 110. அதாவது மேல்முனையைத் தாண்டி 110 டிகிரியில் இன்லெட் வால்வு முழு உயரத்தில் நிற்க வேண்டும். இந்த 110-ஐ ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டூல் பெட்டிக்குள் ஒட்டிக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் 16-உம் 21-உம் சேர்ந்து 37 டிகிரி. ஐட்லிங் நன்றாக இருக்குமா, குலுங்குமா என்பதை இந்த எண்ணே சொல்லிவிடும்.

கார் இழுக்கவே இல்லை. ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது மூன்றாவது கியரில் மூச்சு வாங்குகிறது. கேம் மாற்றினால் சரியாகுமா?

மாற்றுவதற்கு முன் இருப்பதை அளந்து பாருங்கள். இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்லப்போவதில் முக்கியமானது இதுதான்.

ஐம்பது வருட எஞ்சினில் டைமிங் செயின் நீண்டுபோயிருக்கும். செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் தேய்ந்திருக்கும். நடுவில் யாரோ எஞ்சினைப் பிரித்தபோது வேறு கம்பெனி ஸ்ப்ராக்கெட் போட்டிருக்கலாம், அதைத் தண்டோடு பூட்டும் கீ உட்காரும் வெட்டு ஓரிரு டிகிரி தள்ளி இருக்கலாம். எல்லாம் சேர்ந்தால் கேம் பின்தங்கிவிடும். இன்லெட் வால்வு தாமதமாக மூடும், உள்ளே வந்த கலவையில் கொஞ்சத்தை பிஸ்டன் திரும்ப வெளியே தள்ளிவிடும், கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போய்விடும். இந்த எஞ்சினின் டார்க், அதாவது இழுவிசை, உச்சம் 3000 ஆர்பிஎம்மில் கிடைக்க வேண்டியது. மலையில் அதற்குக் கீழே நீங்கள் தேடும் இழுவைதான் முதலில் காணாமல் போகும்.

ஒரு தம்பி பெரிய கேமுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு வந்தார். அளந்தால் 118 காட்டியது, இருக்க வேண்டியது 110. புது செயின், கேமைச் சில டிகிரி திருப்பி நிறுத்தும் ஒரு ஆஃப்செட் கீ, அவ்வளவுதான். காரை எடுத்துக்கொண்டு போனவர் சாயங்காலம் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பியது) வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். கேம் பணம் இன்னும் அவரிடமே இருக்கிறது என்று நினைக்கிறேன், அவர் மனைவிக்குத் தெரியாத வரை.

சரி, எப்படி அளப்பது?

தேவையானவை ஒரு டிகிரி தட்டு, ஒரு டயல் கேஜ், ஒரு முள்ளாக நிற்க வளைத்த கம்பி, பழைய ஸ்பார்க் பிளக்கில் போல்ட் வைத்துச் செய்த ஒரு பிஸ்டன் தடுப்பு. எல்லா பிளக்கையும் கழற்றி, கியரை நியூட்ரலில் வையுங்கள்.

முதலில் உண்மையான மேல்முனையைக் கண்டுபிடிக்க வேண்டும். புல்லியில் இருக்கும் வெட்டை நம்பாதீர்கள். முதல் சிலிண்டரில் பிஸ்டன் தடுப்பை மாட்டி, கிராங்கை மெதுவாக ஒரு பக்கம் சுற்றி, முட்டும் இடத்தில் தட்டின் எண்ணை எழுதுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றி, மறுபடி முட்டும் இடத்தை எழுதுங்கள். இரண்டுக்கும் நட்ட நடுவே மேல்முனை. முள்ளை அங்கே பூஜ்யத்தில் வைத்து, தடுப்பை மறக்காமல் கழற்றுங்கள். மறந்தவர்கள் உண்டு.

அடுத்தது டயல் கேஜ். முதல் சிலிண்டர் இன்லெட் வால்வின் ஸ்பிரிங் தொப்பிமேல் அதை நேராக நிறுத்துங்கள். கேமில் வால்வைத் தூக்கும் மேடான லோபின் மூக்கு தட்டையாக இருப்பதால் முழு உயரத்தை நேரடியாகப் பிடிக்க முடியாது, கேஜ் முள் சில டிகிரிக்கு அசையாமல் நிற்கும். அதனால் முழு உயரத்துக்கு 50 தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே, அதாவது 1.27 மில்லிமீட்டர் கீழே, ஏறும்போது ஒரு எண்ணும் இறங்கும்போது ஒரு எண்ணும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவதுதான் உங்கள் கேம் நிற்கும் இடம். ஏறும்போது 72, இறங்கும்போது 156 என்றால் நடு 114. நான்கு டிகிரி பின்தங்கியிருக்கிறது.

கிராங்கை எப்போதும் எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். எண்ணைத் தாண்டிவிட்டால் பின்னால் கொஞ்சம் போய்விட்டு மறுபடி முன்னால் வாருங்கள், இல்லாவிட்டால் செயினின் தொய்வு கணக்கில் சேர்ந்துவிடும். மூன்று முறை அளந்து மூன்றும் ஒன்றாக வந்தால் மட்டும் நம்புங்கள்.

ஒரு பல் தள்ளிப் போட்டுச் சரிசெய்யக் கூடாதா?

கூடாது. ஒரு பல் என்றால் கிராங்க் கணக்கில் 15 டிகிரிக்கும் மேலே போய்விடும். நமக்கு வேண்டியது மூன்று, நான்கு டிகிரி. அதற்குத்தான் ஆஃப்செட் கீ, இல்லாவிட்டால் நுணுக்கமாகத் திருப்பிப் பூட்டக்கூடிய வெர்னியர் ஸ்ப்ராக்கெட். ஒரே கேமை வைத்து வாழ்நாள் முழுக்க ஓட்டப்போகிறவருக்குக் கீ போதும், விலையும் குறைவு.

270, 285, 300 என்று விற்கிறார்கள். பெரிய எண்தானே நல்லது?

அந்த எண் வால்வு திறந்திருக்கும் நேரம். நேரம் நீண்டால் சக்தி மேல் ஆர்பிஎம்முக்கு நகரும், கீழே இருப்பது குறையும். கேம் தானாக எதையும் புதிதாகக் கொடுப்பதில்லை, இருப்பதை இடம் மாற்றி வைக்கிறது.

இன்னொன்று. எண்ணை யார், எப்படி அளந்தார் என்று பார்க்க வேண்டும். கென்ட், பைப்பர் போன்ற பிரிட்டிஷ் கம்பெனிகள் பொதுவாக வால்வு எழத் தொடங்குவதிலிருந்து கணக்கிடுவார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும், லோபின்மேல் உட்கார்ந்து எழும் டாப்பெட் 50 தௌ எழுந்த பிறகுதான் எண்ணத் தொடங்குவார்கள். ஒரே கேமுக்கு இரண்டு எண் வரும். இரண்டு கேட்டலாக்கை அருகருகே வைத்து ஒப்பிடுவது ராண்டையும் டாலரையும் மாற்றாமல் கூட்டுவதுபோல.

நீங்கள் எந்த ஆர்பிஎம்மில் வாழ்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எம்ஜிபி நாலாவது கியரில் 1000 ஆர்பிஎம்முக்கு ஏறக்குறைய 29 கிலோமீட்டர் வேகம் போகும். ஊருக்குள் 60-இல் போனால் 2000-க்குக் கொஞ்சம் மேலே. என்3 நெடுஞ்சாலையில் 120 என்றால் சுமார் 4150, ஓவர்டிரைவ் போட்டால் 3350. இந்த எல்லைக்குள் இழுக்கும் கேம் 252-இலிருந்து 270 வரை. 285 கேம் கண் விழிப்பதே 3000-க்குப் பிறகுதான். 300 ரேஸ் டிராக்குக்கு.

ஏன் எல்லோரும் 285 கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ராய் ஹெஸ்கெத் டிராக் 1981-இல் மூடும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ரோபோட்டில் (டிராஃபிக் சிக்னலில்) நிற்கும்போது எஞ்சின் தடக்கு தடக்கு என்று குலுங்கினால் மனதுக்குள் ஒரு சந்தோஷம். சத்தத்துக்காக வாங்குகிறேன் என்று நேராகச் சொல்பவரிடம் நான் வாதாடுவதில்லை. வேகத்துக்காக என்பவரிடம்தான் வாதாடுகிறேன்.

மற்ற கார்களில் 285 நன்றாக ஓடுகிறதே, எம்ஜிபியில் மட்டும் ஏன் தயக்கம்?

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் புரியும். நான்கு சிலிண்டருக்கு எட்டு துளை இருக்க வேண்டியதில் ஐந்துதான் இருக்கும். முதல், இரண்டாம் சிலிண்டர்களுக்கு ஒரே இன்லெட் துளை, மூன்றுக்கும் நான்குக்கும் இன்னொன்று. எக்ஸாஸ்டில் நடு இரண்டுக்கும் சேர்த்து ஒன்று, ஓரத்தில் இருப்பவற்றுக்குத் தனித்தனி.

வெடிக்கும் வரிசை 1-3-4-2. இரண்டாவது சிலிண்டர் கலவையை உறிஞ்சி முடிக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டு முதல் சிலிண்டர் உறிஞ்சத் தொடங்குகிறது. இரண்டாவது அடிமுனையில் நிற்கும்போது முதலாவது மேல்முனையில். கம்பெனி கேமில் முதலாவது 16 டிகிரி முன்பே திறக்கிறது, இரண்டாவது 56 டிகிரி வரை மூடவில்லை. ஆக 72 டிகிரி நேரம் இருவரும் ஒரே குழாயில் வாய் வைத்திருக்கிறார்கள். 35-இல் திறந்து 70-இல் மூடும் 285 கேம் போட்டால் அது 105 டிகிரி. இரண்டாவது சிலிண்டர் வாங்கிவைத்ததை முதலாவது இழுத்துக்கொள்ளும். மூன்றுக்கும் நான்குக்கும் இதே தகராறு. நான்கு சிலிண்டரிலும் கலவை சமமாக இராது.

இதற்காகவே இன்லெட் லோப்களை ஒரே மாதிரி வைக்காமல், முந்தும் சிலிண்டருக்கு ஒரு டைமிங், பிந்தும் சிலிண்டருக்கு வேறு டைமிங் என்று அரைத்த கேம்களும் உண்டு. ரேஸ் ஓட்டுபவர்களுக்குப் பயன்படும். ஞாயிற்றுக்கிழமை அம்ஹ்லங்காவுக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டு வருபவருக்குத் தேவையில்லை.

பெரிய கேம் போட்டதும் எஞ்சின் முன்னைவிடச் சோம்பலாகிவிட்டது. ஏன்?

கம்ப்ரஷனைத் தொடாமல் கேமை மட்டும் மாற்றியிருப்பீர்கள். புத்தகத்தில் 8.8 என்று இருக்கும் கம்ப்ரஷன் விகிதம் முழு ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் ஏறும் முழு தூரத்தை வைத்துப் போட்ட கணக்கு. ஆனால் இன்லெட் வால்வு மூடும்வரை அழுத்தம் சேர ஆரம்பிக்காது. ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டர். 56 டிகிரியில் வால்வு மூடினால் பிஸ்டனுக்கு மேலேற இன்னும் 73.5 மில்லிமீட்டர் பாக்கி. 70 டிகிரியில் மூடினால் 65 மட்டும்தான். உண்மையில் அழுத்தப்படும் விகிதம் முதல் நிலையில் ஏறக்குறைய 7.45, இரண்டாவதில் 6.7. இழுவை போனது அங்கேதான்.

பழைய 7.45-ஐத் திரும்பப் பெற வேண்டுமானால் புத்தகக் கம்ப்ரஷன் 9.8 வரை ஏற வேண்டும். அதற்கு ஹெட்டை ஸ்கிம் செய்ய வேண்டும், அதாவது அதன் அடிப்பரப்பைக் கொஞ்சம் சீவ வேண்டும். எவ்வளவு என்று யாரையும் கேட்காதீர்கள், உங்கள் ஹெட்டின் சேம்பரில் எத்தனை சிசி எண்ணெய் பிடிக்கிறது என்று அளந்து கணக்குப் போடச் சொல்லுங்கள். முன்பு யாராவது ஸ்கிம் செய்திருக்கலாம். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கேமை மாற்றாமல் 9.8 வைத்தால் டர்பன் வெயிலில் 95 ஆக்டேன் பெட்ரோலிலும் கலவை நேரம் தவறி வெடித்து எஞ்சின் கிணுகிணுக்கும்.

ஜோபர்க்கில் இருக்கும் என் அண்ணனுக்கும் இதே கணக்கா?

இல்லை. ஜோஹனஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1750 மீட்டர் உயரம். காற்று மெல்லியது, எஞ்சினுக்குச் சக்தியில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். டர்பனில் 95 ஹார்ஸ் பவர் காட்டும் எம்ஜிபி அங்கே 80-ஐத் தொடாது. ஏற்கெனவே இழுவை குறைந்த இடத்தில் கீழ் இழுவையைத் தின்னும் கேமைப் போடுவது பட்டினி கிடப்பவனை விரதம் இருக்கச் சொல்வதுபோல. அங்கே கேமை 252-இலோ 270-இலோ விட்டுவிட்டுக் கம்ப்ரஷனை ஏற்றுவதுதான் புத்தி. மெல்லிய காற்றில் எஞ்சின் கிணுகிணுப்பதும் குறைவு, 93 பெட்ரோலிலேயே அங்கே கார்கள் ஓடுவது அதனால்தான்.

ஆனால் அந்த எஞ்சினோடு அண்ணன் தீபாவளிக்கு டர்பன் வந்தால், வேன் ரீனன் கணவாயை இறங்கியபிறகு காதைத் தீட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். கிணுகிணுத்தால் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் பின்னால் திருப்பி, 95 ஊற்றட்டும். நீங்கள் ஜோபர்க் பக்கம் மேலே போனால் பெட்ரோல் கூடிக் கலவை கெட்டியாகும், எஸ்யு கார்புரேட்டரின் ஜெட் நட்டை ஒரு முகம், இரண்டு முகம் மேலே ஏற்றினால் போதும்.

காவடி ஊர்வலத்துக்குப் பின்னால் ஒரு மணி நேரம் ஊர்ந்து போக வேண்டியிருக்கிறது. அதற்கு எந்த கேம்?

கம்பெனி கேம். 285-இல் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் 70 டிகிரி வரை போகும். ஐட்லிங்கை 1000-க்கு மேல் வைத்தால்தான் நிற்கும். முதல் கியரில் ஊர்ந்தால் குதிக்கும், கிளச்சை மிதித்துக்கொண்டே இருப்பீர்கள், பிப்ரவரிப் புழுக்கத்தில் டெம்பரேச்சர் முள் ஏறும். முருகன் காப்பாற்றுவார், ஆனால் கிளச் பிளேட்டுக்கு அவர் பொறுப்பில்லை.

பழைய கேமையே அரைத்து வேறு வடிவம் கொடுத்துத் தருகிறார்களே, மலிவாக இருக்கிறதே?

நானும் மலிவு என்று போனேன். அரைத்து வந்த கேம் ஆறு மாதத்தில் இரண்டு லோப் மழுங்கி, எஞ்சின் முழுக்க இரும்புத் தூள். கேமின் மேல்தோல் மட்டுமே கடினமானது. ஆழமாக அரைத்தால் அந்தத் தோல் போய்விடும். தவிர, லோபின் அடிவட்டம் சிறுத்துப்போவதால் புஷ்ராடும் ராக்கரும் நிற்கும் கோணம் மாறும். நல்ல வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், மறுபடி கடினப்படுத்தித் தருவார்கள். அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். தயங்கினால் புதிதாக இறக்குமதி செய்துகொள்ளுங்கள்.

கேமோடு வேறு என்ன மாற்ற வேண்டும்?

டாப்பெட்கள் எட்டும் புதிது. இதில் பேச்சே இல்லை. பழைய டாப்பெட் பழைய லோபோடு தேய்ந்து பழகியது, புது லோபைத் தின்றுவிடும். செயினும் டென்ஷனரும் புதிது. லிஃப்ட், அதாவது வால்வைத் தூக்கும் உயரம், அதிகமான கேம் என்றால், முழு உயரத்தில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் குறைந்தது ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பிஸ்டன் தலையில் பிளாஸ்டிசின் ஒட்டி, கிராங்கை இரண்டு சுற்று சுற்றிப் பிரித்துப் பார்த்தால் வால்வு எவ்வளவு நெருங்குகிறது என்று தெரியும். இன்லெட்டில் 2, எக்ஸாஸ்டில் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

கேமை வெளியே இழுக்க டிஸ்ட்ரிபியூட்டர் டிரைவும் ஆயில் பம்ப் டிரைவும் கழன்றிருக்க வேண்டும், எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பும் இறங்க வேண்டும். காருக்குள் வைத்தே செய்யலாம் என்பார்கள். எஞ்சினை வெளியே எடுப்பதுதான் நிம்மதி.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது?

இங்கேதான் நிறைய கேம்கள் சாகின்றன. லோப்களுக்கும் டாப்பெட் அடிக்கும் மாலிப்டினம் பேஸ்ட் தாராளமாகப் பூசுங்கள். பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரில் சுற்றி ஆயில் பிரஷர் வரவழையுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல், ரேடியேட்டரில் தண்ணீர், இக்னிஷன் டைமிங், எல்லாம் தயாரான பிறகே சாவியைத் திருப்புங்கள். பிடித்ததும் ஐட்லிங்கில் விடக் கூடாது. 2000-க்கும் 2500-க்கும் நடுவில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருபது நிமிடம். லோபுக்கு எண்ணெய் தெறிப்பது வேகத்தில்தான், டாப்பெட் தன் அச்சில் சுழலப் பழகுவதும் அப்போதுதான். சுழலாத டாப்பெட் ஒரே இடத்தில் உரசி மழுங்கும்.

எண்ணெய் 20டபிள்யூ50, அதில் ஜிங்க் போதுமான அளவு இருக்க வேண்டும். புதுக் கார்களுக்கு விற்கும் மெல்லிய எண்ணெய்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். இருபது நிமிடம் முடிந்ததும் அந்த எண்ணெயை வடித்துவிட்டுப் புதிது. வால்வு இடைவெளியை மறுபடி சரிபாருங்கள். கம்பெனி கேமுக்கு 15 தௌ, வாங்கிய கேமுக்கு அதன் அட்டையில் போட்டிருப்பது.

என்னுடையது ஆல்ஃபா ஜிடிவி. இதெல்லாம் பொருந்துமா?

அளக்கும் முறை பொருந்தும், பயம் பொருந்தாது. ஆல்ஃபா இரட்டை கேம் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் துளை, தனி கார்புரேட்டர் வாய். பக்கத்து வீட்டுத் திருட்டு இல்லாததால் நீண்ட கேமைத் தாங்கும். ஸ்ப்ராக்கெட்டிலேயே கம்பெனி துளைகள் போட்டு நுணுக்கமாகத் திருப்ப வழி வைத்திருக்கிறது. பிரிட்ஸ் தொழிற்சாலை 1985-இல் மூடும்வரை இந்நாட்டிலேயே ஆல்ஃபா பூட்டினார்கள், அதனால் பாகம் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை. ஹெட்டை ஸ்கிம் செய்தால் கேம் கிராங்குக்குப் பக்கத்தில் இறங்கி டைமிங் பின்தங்கும். எம்ஜிபியில் கேம் பிளாக்குக்குள் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ஃபோர்ட் கிராஸ்ஃப்ளோ?

அதில் டாப்பெட் கீழிருந்துதான் வரும். எஞ்சினைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பாமல் கேமை மாற்ற முடியாது. அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று, அங்கிள். உங்கள் காரில் என்ன கேம்?

கம்பெனி கேம். 252. ஆஃப்செட் கீ போட்டு 108-இல் நிறுத்தியிருக்கிறேன், ஹெட் கொஞ்சம் ஸ்கிம், எக்ஸாஸ்ட் மாற்றியது. ஃபீல்ட்ஸ் ஹில்லை நாலாவது கியரில் ஏறும். சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். பெட்ரோல் மட்டும் நீங்கள் ஊற்ற வேண்டும்.